திரை சுருங்கினால் பிழை எங்கே?

கணினியைத் திறந்தவுடன் ஐகான்கள் பெரிதாகித் திரையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரிகிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 800×600, 1024×768 என்ற இரண்டு தெரிவுகளுக்கு மேல் எதுவும் இல்லை. இலங்கையின் கல்முனைக்குடியில் இப்படியொரு கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் நோயின் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்: "காக்கா, டிரைவர் போயிட்டு போல." கடையிலும் பல வேளைகளில் அதே முடிவுக்குத்தான் வருகிறார்கள், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். சில கணினிகள் அதோடு சரியாகிவிடுகின்றன. சில, கொஞ்ச நாளில் அதே கோலத்தில் திரும்பி வருகின்றன.

ரெசலூஷன் தானாகக் குறைந்தால், அல்லது திரை கறுத்துப்போனால், பிழை எங்கே இருக்கிறது? மேசைக் கணினி பரவத் தொடங்கிய காலத்திலிருந்தே கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. டிரைவர்மீது பழி போடுவோர் ஒருபுறம். கேபிளையும் மொனிட்டரையும் சந்தேகிப்போர் இன்னொருபுறம். விண்டோஸின் அமைப்பையே குறை சொல்வோர் உண்டு. சூட்டையும் ஈரத்தையும் மின்சாரத்தையும் முதலில் பார்ப்போரும் உண்டு. பழைய கிராபிக்ஸ் கார்டுகளைக் கம்பனிகள் கைவிடுவதே மூல காரணம் என்ற வாதமும் கடந்த பத்தாண்டுகளில் வலுத்திருக்கிறது. ஒவ்வொரு பதிலும் ஏதோ ஒரு காலத்து உண்மையான அனுபவத்திலிருந்து பிறந்தது. அந்தக் காலம் கடந்த பின்னும் பதில் மட்டும் பழக்கமாக நின்றுவிட்டதுதான் சிக்கல்.

பேசத் தெரியாத மொனிட்டர்கள்

1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் விஜிஏ தரத்தை அறிமுகப்படுத்தியது. 640×480 பிக்சல், அந்த அளவில் 16 நிறங்கள். அதற்கு மேலே போக விரும்பிய கார்ட் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு வழியில் போனார்கள். ஒரு கார்டுக்கு எழுதிய மென்பொருள் மற்றதில் ஓடாது. இந்தக் குழப்பத்துக்கு ஒழுங்கு கொண்டுவரத்தான் 1989இல் வெசா என்ற தர அமைப்பு உருவானது. 800×600ஐப் பொதுத் தரமாக்கியது அதன் முதல் வேலைகளில் ஒன்று.

அப்போது மொனிட்டருக்குத் தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாது. எந்த மொனிட்டர், எத்தனை ஹேர்ட்ஸ் தாங்கும் என்பதையெல்லாம் கணினி வைத்திருப்பவரே பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்க வேண்டும். தவறாகத் தெரிந்தெடுத்தால் கண்ணாடிக் குழாய் மொனிட்டர் கீச்சிட்டுக் கோடுகோடாக உருளும். தாங்காத அதிர்வெண்ணை நீண்ட நேரம் கொடுத்தால் மொனிட்டரே பழுதாகலாம் என்று கையேடுகள் எச்சரித்தன. கார்டோடு வந்த சரியான டிஸ்க்கைப் போட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் வேரூன்றியது. அன்றைக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

டிரைவரே பிழை என்னும் கட்சி

இந்தக் கட்சிக்கு வலுவான சான்றுகள் உண்டு. 1996இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 4.0, வேகத்துக்காகக் கிராபிக்ஸ் பகுதியை இயங்குதளத்தின் கருவுக்குள் கொண்டுபோய் வைத்தது. அதன் விளைவாக, கிராபிக்ஸ் டிரைவர் செய்யும் ஒரு சிறு தவறும் முழுக் கணினியையும் நீலத் திரையில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியதாயிற்று.

அடுத்த பெரிய சான்று விண்டோஸ் விஸ்டா காலத்தது. "விஸ்டா கேப்பபிள்" ஸ்டிக்கர் ஒட்டிய கணினிகள் உண்மையில் விஸ்டாவை முழுமையாக ஓட்டவில்லை என்று அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், மைக்ரோசொஃப்டின் உள்மின்னஞ்சல்கள் 2008இல் வெளியாகின. அவற்றின்படி, 2007இல் பதிவான விஸ்டா செயலிழப்புகளில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களின் கணக்கில் இருந்தது. மைக்ரோசொஃப்டின் சொந்தக் கணக்கு 17.9 சதவீதம், ஏடிஐ 9.3, இன்டெல் 8.8. டிரைவர் கட்சிக்காரர்கள் இன்றும் காட்டும் எண்கள் இவை.

ஆனால் இந்த எண்களை அளவுக்கு மேல் நம்பக் கூடாது. எந்தக் கம்பனியின் கார்ட் எத்தனை கணினிகளில் இருந்தது என்பது அந்தச் சதவீதத்துக்குள் இல்லை. அதிகம் விற்றவருக்கு அதிகம் விழுவது இயல்பு. அதோடு, அது ஒரு புதிய டிரைவர் முறைக்கு எல்லோரும் அவசரமாக மாறிக்கொண்டிருந்த ஆண்டு. 2007இன் நோயை 2025இன் கணினிக்கும் பொருத்திப் பார்ப்பது சரியாகாது.

இந்தக் கட்சிக்குள்ளேயே ஒரு தகராறு நீண்ட காலமாக நடக்கிறது: புதிய டிரைவரைப் போடுவதா, ஓடிக்கொண்டிருக்கும் பழையதை விட்டுவிடுவதா? புதியதே நல்லது என்போருக்கு 2010 மார்ச் ஒரு பாடம். என்விடியாவின் 196.75 டிரைவர் சில கார்டுகளில் விசிறியின் வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தவில்லை. கார்டுகள் சூடேறுவதாக முறைப்பாடுகள் வந்ததும் கம்பனி அதைத் திரும்பப் பெற்றது. 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடு வந்த 572 வரிசை டிரைவர்கள் பலருக்குக் கறுப்புத் திரையைக் கொடுத்தன. பழைய கார்ட் வைத்திருந்தவர்கள் பலர் 2024 டிசம்பரின் 566.36க்குத் திரும்பிப் போனார்கள். மறுபக்கத்தில், பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் புதிய டிரைவர்தான். ஆகவே பழையதிலேயே நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

டிடியூ என்ற சிறு மென்பொருள் இந்தக் கட்சியின் கையில் இருக்கும் கருவி. சேஃப் மோடில் கணினியை ஏற்றி, பழைய டிரைவரின் மிச்சசொச்சங்களைத் துடைத்தெடுத்துவிட்டுப் புதியதைப் போட உதவுகிறது. ஒரு கம்பனியின் கார்டிலிருந்து மற்றதற்கு மாறும்போது இது உண்மையில் உதவும். ஒவ்வொரு சிறு கோளாறுக்கும் அதை ஓட்டுவது வேறு விஷயம்.

12ஆம் கம்பியும் 15ஆம் கம்பியும்

கேபிளைச் சந்தேகிக்கும் கட்சி எண்ணிக்கையில் சிறியது. ஆயினும், ரெசலூஷன் சுருங்கும் நோயைப் பொறுத்தவரை அதன் வாதத்துக்குக் கிடைக்கவேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

1994இல் வெசா ஈடிஐடி என்ற முறையைக் கொண்டுவந்தது. மொனிட்டருக்குள் ஒரு சிறு நினைவகம். அதில் 128 பைட் தகவல். தயாரித்தவர் யார், எந்த ஆண்டு, திரையின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், எந்தெந்த ரெசலூஷனைத் தாங்கும் என்பதெல்லாம் அந்த 128 பைட்டுக்குள் இருக்கிறது. கணினி அதை வாசித்துத்தான் தெரிவுப் பட்டியலைத் தயாரிக்கிறது. வாசிக்க முடியாவிட்டால், எந்த மொனிட்டரும் தாங்கக்கூடிய சிறிய அளவுகளை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

நீல நிற விஜிஏ பிளக்கை எடுத்துப் பார்த்தால் மூன்று வரிசையில் 15 கம்பிகளுக்கு இடம் இருக்கும். 1, 2, 3 முறையே சிவப்பு, பச்சை, நீலம். 13, 14 படத்தை ஒழுங்காக நிறுத்தி வைப்பவை. ஈடிஐடி போய்வருவது 12ஆம், 15ஆம் கம்பிகளில். நீலக் கம்பி வளைந்தால் திரை மஞ்சளாகும். எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். 12ஆம் கம்பி வளைந்தால் படமும் நிறமும் குறையில்லாமல் வரும், ரெசலூஷன் மட்டும் சுருங்கும். படம் வருவதால் கேபிளை யாரும் சந்தேகிப்பதில்லை. டிரைவரில் பழி விழுந்துவிடுகிறது. மலிவான சில கேபிள்களில் இந்த இரண்டு கம்பிகளும் இணைக்கப்படாமலே வருவதும் உண்டு. பாடசாலை மண்டபங்களில் புரொஜெக்டருக்கு இழுக்கும் நீண்ட கேபிளிலும், ஒரு படத்தை இரண்டு திரைக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரிலும் இதே நிலை வரலாம். எச்டிஎம்ஐயிலும் இதே பேச்சுவார்த்தை நடக்கிறது, வேறு கம்பிகளில்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் கார்டின் உண்மையான பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே "மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை. டிரைவர் கட்சி சொல்வது சரி. கார்டின் பெயர் ஒழுங்காக இருந்து, மொனிட்டர் என்ற இடத்தில் மட்டும் "ஜெனரிக் நொன் பிஎன்பி மொனிட்டர்" என்று இருந்தால், கணினிக்குத் திரையின் பேச்சு கேட்கவில்லை. முதலில் மாற்றவேண்டியது கேபிள். விண்டோஸை அழித்துப் போட்டாலும் வளைந்த கம்பி நிமிராது.

1366×768 திரைகளின் கதையும் இங்கேதான் வருகிறது. ஈடிஐடியின் ஒரு பகுதி, அகலத்தை எட்டால் வகுத்துச் சேமிக்கிறது. 1366 எட்டால் மீதியின்றி வகுபடாது. அதனால் பழைய கணினிகள் பல 1360×768ஐக் காட்டின. திரையின் ஓரத்தில் மெல்லிய கறுப்புப் பட்டை விழுந்தது, அல்லது எழுத்து சற்றே கலங்கியது. தொலைக்காட்சிப் பெட்டியை மொனிட்டராகப் பாவிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: படத்தின் விளிம்பை வெட்டிக் காட்டும் ஓவர்ஸ்கேன். டாஸ்க்பார் பாதி மறைந்தால் மருந்து டிவியின் மெனுவில்தான் இருக்கும். இந்த இரண்டிலும் டிரைவருக்குப் பங்கு குறைவு.

கேபிள் கட்சிக்கும் பலவீனம் இருக்கிறது. விளையாட்டின் நடுவே திரை கறுப்பதையும், நீலத் திரையையும், சேஃப் மோடில் ஓடிச் சாதாரணமாக ஏற்றினால் நின்றுபோகும் கணினியையும் அது விளக்குவதில்லை. கார்ட் இருக்கும்போது மதர்போர்டில் உள்ள போர்ட்டிலேயே கேபிளைச் செருகிவிட்டு, கார்ட் வேலை செய்யவில்லை என்று முறையிடும் சாதாரணத் தவறு இரண்டு கட்சியின் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

விண்டோஸின் பங்கு

2007இல் பரவலாக வந்த விஸ்டா, டிரைவரை இரண்டாகப் பிரித்தது. பெரும்பகுதி இயங்குதளத்தின் கருவுக்கு வெளியே போனது. கார்ட் இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால் கணினியை வீழ்த்தாமல் டிரைவரை மட்டும் மீட்டெழுப்பும் ஏற்பாடும் வந்தது. "டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டுவிட்டது" என்ற செய்தியைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அறியவேண்டியது, முன்பு அதே இடத்தில் நீலத் திரை வந்திருக்கும் என்பதை. விண்டோஸ் 10இல் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மட்டும் மறுதொடக்கம் ஆவதும் இந்த அமைப்பின் பயன்தான்.

விண்டோஸ்மீது குறை சொல்வோரின் வலுவான ஆதாரம் 2015 ஜூலை. விண்டோஸ் 10 வெளியான நாட்களில் விண்டோஸ் அப்டேட் தானாக இறக்கிய என்விடியா டிரைவர், கம்பனியின் சொந்த மென்பொருள் போட்டதோடு மோதியது. ஒரு குறிப்பிட்ட அப்டேட்டை மறைத்துவைக்கத் தனிக் கருவி ஒன்றை மைக்ரோசொஃப்ட் வெளியிட வேண்டிவந்தது. தானியங்கி அப்டேட் வேண்டாம் என்ற முடிவுக்குப் பலர் வந்தது அதன் பிறகே. அந்த முடிவு மிகையானது என்றே கொள்ளலாம். டிரைவர் தேடத் தெரியாத வீடுகளில் பல கணினிகளை ஒழுங்கான ரெசலூஷனில் வைத்திருப்பது அதே அப்டேட்தான்.

உப்புக் காற்று, சூடு, மின்சாரம்

கல்முனைக்குடிக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே வயல்வெளி. வீடுகளும் கடைகளும் இரண்டுக்கும் நடுவிலான ஒடுங்கிய மணல் பட்டியில் நெருங்கி நிற்கின்றன. கடற்காற்றில் வரும் உப்பு இரும்புக் கதவையும் சைக்கிள் செயினையும் தின்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கணினியின் விசிறி அதே காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. ஈரத்தோடு உப்பும் தூசியும் சேரும்போது கார்டின் தொடுமுனைகளில் படலம் பிடிக்கும். தொடர்பு விட்டுவிட்டு வரும். ரெம்மையும் கிராபிக்ஸ் கார்டையும் கழற்றி, தங்க நிறத் தொடுமுனையை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் போடும் வழக்கம் கடைகளில் இருப்பது சும்மா அல்ல. பல வேளைகளில் அது பலிக்கிறது. மேல்பூச்சு தேயும் என்பதால் அடிக்கடி செய்யத் தகாது.

வன்பொருள் கட்சிக்கு உலகளாவிய சான்றும் உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, மடிக்கணினிகளில் பழுதான தன் சிப்புகளுக்காக 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பின் பொதியில் பயன்படுத்திய பொருட்கள் சூடேறிக் குளிரும்போது பலவீனமடைந்ததே காரணம். அந்த மடிக்கணினிகளில் டிரைவரை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பழுதான போர்டை ஓவனில் வைத்துச் சூடாக்கும் முறை அந்தக் காலத்தில் பரவியது. அது தற்காலிகமாகவே பலித்தது. நச்சுப் புகை ஆபத்தும் உண்டு.

இந்தக் கட்சியின் கேள்வி எளிமையானது: கோடுகளும் புள்ளிகளும் விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, பயொஸ் திரையிலேயே தெரிகின்றனவா? தெரிந்தால் டிரைவருக்கு அதில் சம்பந்தம் இல்லை, ஏனென்றால் அப்போது அது இன்னும் ஏறவே இல்லை. கேபிளையும் வேறொரு மொனிட்டரையும் மாற்றிப் பார்த்தபின் மிஞ்சுவது கார்ட்தான். ஆனால் தெரியாவிட்டால் வன்பொருள் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பாரம் ஏறும்போது மட்டும் விழும் கார்டுகளும், மின்சாரம் போதாமல் திணறும் பவர் சப்ளைகளும் இந்தச் சோதனையில் தப்பிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. திடீரென்று கரண்ட் போய் வரும்போது பவர் சப்ளைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ஏற்படக்கூடிய சேதம் பின்னர் டிரைவர் கோளாறின் வேடத்தில் வந்து நிற்கலாம்.

கைவிடப்பட்ட கார்டுகள்

2022இல் டொலர் ஒன்று 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது புதிய கணினி என்பது பல குடும்பங்களுக்கு எட்டாத பொருளாயிற்று. பழையதையே ஓட்ட வேண்டும். அங்கேதான் ஐந்தாவது கட்சியின் வாதம் கூர்மையடைகிறது: கம்பனி டிரைவர் எழுதுவதை நிறுத்திய நாளிலிருந்து நல்ல கார்டும் பழுதான கார்டாகிறது.

என்விடியா ஃபெர்மி கார்டுகளை 2018இலும், கெப்லர் கார்டுகளை 2021இலும் புதிய டிரைவர் வரிசையிலிருந்து நீக்கியது. ஏஎம்டி தன் பழைய எச்டி 5000, 6000 வரிசைகளை 2015-16 காலத்தில் விட்டது. இன்டெலின் இரண்டாம் தலைமுறைச் சிப்புகளுக்குக் கம்பனி விண்டோஸ் 10 டிரைவர் தருவதாகச் சொல்லவே இல்லை. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த ஒன்றை வைத்தே அவை ஓடுகின்றன. விஸ்டா வழக்கின் மையத்தில் இருந்த இன்டெல் 915 சிப்செட்டும் இதே வகை. புதிய டிரைவர் முறையை அதனால் தாங்கவே முடியவில்லை, ஸ்டிக்கர் மட்டும் ஒட்டப்பட்டது.

லினக்ஸ் ஆதரவாளர்களின் பதில் இங்கே மதிக்கத்தக்கது. டிரைவரின் மூலநிரல் திறந்திருந்தால் கம்பனி போன பிறகும் மற்றவர்கள் அதைத் தொடரலாம். ஏஎம்டி 2007 செப்டம்பரில் தன் கார்டுகளின் விவரங்களைத் திறக்க முன்வந்தது. இன்று பழைய ரேடியன் கார்டுகள் விண்டோஸைவிட லினக்ஸில் நிம்மதியாக ஓடுவது அதன் பலன். என்விடியா நீண்ட காலம் மறுத்தது; 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் கம்பனியைக் கடுமையாகச் சாடினார். 2022 மே மாதம் என்விடியா தன் லினக்ஸ் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்தது. ஆனால் அது 2018இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே. பழைய கார்ட் வைத்திருப்பவருக்கு, அதாவது இந்த உதவி அதிகம் தேவைப்படுபவருக்கு, அது எட்டவில்லை.

தமிழ் எழுத்தும் திரையும்

ரெசலூஷன் விஷயத்தில் தமிழுக்கு ஒரு தனி நஷ்டம் இருக்கிறது. தட்டையான திரைக்கு அதற்கே உரிய ஒரு ரெசலூஷன் உண்டு. வேறு அளவில் ஓட்டினால் திரை ஒவ்வொரு பிக்சலையும் இழுத்து நிரப்புகிறது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த கிளியர்டைப், எழுத்தைத் துலக்கமாக்கப் பிக்சலின் மூன்று நிறக் கூறுகளையும் தனித்தனியாகப் பயன்படுத்துகிறது. இழுபட்ட திரையில் அந்தக் கணக்குத் தவறி, எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிகிறது. சுழிகள் நிறைந்த ண, ன, ஞ, ஐ போன்றவை முதலில் அடிபடுகின்றன. பாமினி எழுத்துருவில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவருக்கு ணவும் னவும் மயங்கினால் அது கண்ணுக்கும் வேலைக்கும் சேர்த்துக் கேடு.

4:3 அளவில் சிக்கிய அகலத் திரையில் நிக்காஹ் அழைப்பிதழை வடிவமைத்தால் நிலைமை இன்னும் மோசம். திரையில் வட்டமாகத் தெரிய வைத்த பூவேலை, அச்சில் நீள்வட்டமாக வரும். அச்சடித்த பிறகுதான் தெரியவரும்.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

சில விஷயங்களில் முடிவுக்கு வரலாம். விண்டோஸ் ஏறுவதற்கு முன் திரை எப்படி இருக்கிறது, டிவைஸ் மேனேஜரில் கார்டும் மொனிட்டரும் எந்தப் பெயரில் இருக்கின்றன, வேறு கேபிளில் நிலைமை மாறுகிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகே டிரைவரில் கைவைப்பது நல்லது. பெரும்பாலான ரெசலூஷன் கோளாறுகள் இந்த மூன்றிலேயே பிடிபடும் என்று எதிர்பார்க்கலாம். விண்டோஸை முழுவதுமாக அழித்துப் போடுவது கடைசியில் வரவேண்டியது; கோப்புகளை இழக்கும் ஆபத்து அதில்தான் அதிகம்.

விட்டுவிட்டு வரும் கறுப்புத் திரை இன்னும் சரியாகப் பிரித்தறியப்படவில்லை. டிரைவர், பவர் சப்ளை, கேபிள், கார்டின் சூடு என்ற நான்கும் வெளியில் ஒரே அறிகுறியைத்தான் காட்டுகின்றன. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண் டிரைவர் மீட்கப்பட்டதைச் சொல்கிறது. அது ஏன் விழுந்தது என்பதைச் சொல்வதில்லை. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று கணினியின் ஆயுளை எவ்வளவு குறைக்கிறது என்பதும் அளந்து பார்க்கவேண்டிய ஒன்று. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும்போது அது அண்டையிலேயே நடக்கக்கூடிய ஆய்வு.

பெரிய கேள்வி டிரைவரைத் தொடர்ந்து தருவது யார் பொறுப்பு என்பது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, டைரக்ட்எக்ஸ் 12ஐத் தாங்கும் கார்டையும் அதற்கேற்ற புதிய முறை டிரைவரையும் கேட்கிறது. லினக்ஸுக்குப் போகலாம் என்பது பாதிப் பதில். பாமினியில் தட்டச்சு செய்து, 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7.0இல் பல ஆண்டுகளாகச் சேர்த்த கோப்புகளை வைத்திருக்கும் அச்சகம் ஒன்று, அந்தக் கோப்புகளைத் திறக்க விண்டோஸிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. புதிய கணினிக்குப் பணம் இல்லாதபோது, பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரின் 1024×768இல் எத்தனை காலம் ஓட்டலாம் என்பதற்கு எந்தக் கட்சியிடமும் இப்போதைக்குப் பதில் இல்லை.